பாஸ்தாவுக்குப் பதில் ஸ்பகெட்டி ஸ்குவாஷ்: தட்டில் தண்ணீர் தேங்குவது ஏன்?

கனடாவிலும் அமெரிக்காவிலும் செப்டம்பர் பிறந்துவிட்டால் காய்கறிக் கடைகளின் வாசலில் ஸ்குவாஷ் வகைகள் (பரங்கிக்காய்க் குடும்பத்துக் காய்கள்) குவியத் தொடங்கும். அவற்றில் நீள உருண்டையாக, தோல் மஞ்சளாக இருப்பது ஸ்பகெட்டி ஸ்குவாஷ். வேகவைத்து முள்கரண்டியால் கீறினால் சதை இழை இழையாகப் பிரியும். பாஸ்தாவைக் குறைக்க நினைக்கும் வீடுகளில் இப்போது இதற்கு நல்ல மவுசு. இதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். திரும்பத் திரும்ப வந்த புகார் ஒன்றுதான். அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி (ஸ்கார்பரோ வாசகி): ஸ்குவாஷை இரண்டாக வெட்டி ஓவனில் வேகவைத்து, கீறி எடுத்து, மேலே தக்காளி சாஸ் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் தட்டெல்லாம் தண்ணீர். இழைகளும் குழைந்துவிட்டன. எங்கே தவறு?

பதில்: வெந்த ஸ்பகெட்டி ஸ்குவாஷில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். பாஸ்தா மாவுப் பண்டம்; சாஸ் பட்டதும் அதை உறிஞ்சிக்கொள்ளும், தன் மாவால் சாஸைக் கொஞ்சம் கெட்டியாக்கவும் செய்யும். ஸ்குவாஷ் இதற்கு நேர் எதிர். சாஸில் உப்பு இருக்கிறது. உப்பு பட்டதும் காய் தன்னிடமுள்ள நீரை வெளியே விடும். பாஸ்தாவுக்கு எழுதிய செய்முறையை அப்படியே ஸ்குவாஷுக்குப் பயன்படுத்தினால் தட்டில் குளம் கட்டத்தான் செய்யும். ஆகவே மூன்று இடங்களில் நீரைக் குறைக்க வேண்டும்: வேகும் முன், வேகும்போது, வெந்த பின்.

வேகும் முன்: காயை 3 முதல் 4 செ.மீ. அகல வளையங்களாக நறுக்கி, நடுவில் உள்ள விதையையும் நாரையும் கரண்டியால் வழித்துவிடுங்கள். 2 கிலோ காய்க்கு முக்கால் தேக்கரண்டி உப்பை வளையங்களின் இரு பக்கமும் தூவி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். முத்து முத்தாக நீர் துளிர்க்கும். அதை சமையலறைப் பேப்பரால் ஒற்றி எடுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் செய்த வேலை வீண்.

வேகும்போது: ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு (400 ஃபாரன்ஹீட்) முன்கூட்டியே சூடாக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை வளையங்களுக்குத் தடவி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்புங்கள். 30 முதல் 35 நிமிடம் போதும். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. ஊற்றினால் காய் ஆவியில் வேகும், சுடாது. மென்மையாக வரும், ஆனால் காயின் நீர் அவ்வளவாக வற்றாது. அலுமினியத் தாளால் மூடினாலும் இதே கதை.

இரண்டாகத்தான் வெட்டுவேன் என்றால், வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி குப்புற வைத்து 35 நிமிடம் சுட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். உள்ளே அடைபட்ட ஆவி அப்போது வெளியேறும். தொடக்கத்திலிருந்தே மல்லாக்க வைத்தால் நடுக்குழியில் நீர் தேங்கி, அந்த இடம் மட்டும் கூழாகும்.

வெந்த பின்: பத்து நிமிடம் ஆறவிட்டு இழைகளைப் பிரியுங்கள். அகலமான தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் ஆவி போக விடுங்கள். பிறகு அகல வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயோ உப்போ இல்லாமல் இழைகளைப் போட்டு 2 முதல் 3 நிமிடம் மெதுவாகப் புரட்டுங்கள். ஆவி நிற்காமல் கிளம்பும். அது தணிந்ததும் இறக்குங்கள். துணியில் கட்டிப் பிழியாதீர்கள். இழை முறிந்து துவையலாகிவிடும்.

சாஸும் கெட்டியாக இருக்க வேண்டும். சாஸ் கொதிக்கும் வாணலியின் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நீர் ஓடிவந்து உடனே மூடினால் இன்னும் வற்ற வேண்டும். இரண்டு மூன்று விநாடியாவது கோடு நின்றால் சரி. கடைசியாக, ஸ்குவாஷை சாஸில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். தட்டில் இழையை வைத்து, மேலே சாஸை ஊற்றி, உடனே சாப்பிடுங்கள். விருந்தாளிகள் வருவதற்கு முன்பே கலந்து வைக்கும் உணவு இது இல்லை.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): எனக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை. ஆனால் இழைகள் நீளமாக வருவதில்லை, தேங்காய்த் துருவல் போல வருகின்றன. பாஸ்தா சாப்பிடுகிற எண்ணமே வரவில்லை.

பதில்: காயை நீளவாக்கில், காம்பிலிருந்து அடிவரை வெட்டுகிறீர்கள். பெரும்பாலான செய்முறைகள் அப்படித்தான் சொல்கின்றன, அதுதான் கோளாறு. இந்தக் காயில் இழைகள் காம்பிலிருந்து அடிக்கு ஓடுவதில்லை. காயின் இடுப்பைச் சுற்றி வட்டமாக ஓடுகின்றன. நீளவாக்கில் வெட்டினால் ஒவ்வோர் இழையையும் இரண்டாகத் துண்டிக்கிறீர்கள். குறுக்கே வளையமாக வெட்டினால் இழைகள் முழு வட்டமாகவே இருக்கும்.

வெந்த வளையத்தில் ஓரிடத்தில் கத்தியால் வெட்டி, பட்டைபோலத் திறந்துகொள்ளுங்கள். தோலை ஒட்டி முள்கரண்டியைச் செலுத்திச் சதையை விடுவித்து, பிறகு இழை ஓடும் திசையிலேயே மெல்ல இழுங்கள். குறுக்கே கீறினால் நீள இழையும் அறுந்துவிடும்.

இன்னொரு காரணம் அதிக வேக்காடு. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் சூட்டில் இளகுவதால்தான் இழை பிரிகிறது. அளவோடு இளகினால் இழைகள் தனித்தனியாகும். அதற்கு மேல் போனால் இழையே உடையும். தோலின் வழியாகக் கத்தி நுழைய வேண்டும், ஆனால் கொஞ்சம் தடுக்க வேண்டும். கடித்தால் லேசான நறுக் இருக்க வேண்டும். அந்த நிலையில் எடுத்துவிடுங்கள், வாணலியில் மீதி வேகும்.

கேள்வி (மார்க்கம்): தோல் பாறையாக இருக்கிறது. கத்தி பாதியில் சிக்கிக்கொண்டு வரவே இல்லை. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். உருளும் காய், சிக்கும் கத்தி, அழுத்தும் கை: விரல் வெட்டுப்பட இவ்வளவு போதும். முதலில் காயை மென்மையாக்குங்கள். கூரான கத்தி முனையால் எட்டுப் பத்து இடங்களில், நடுக்குழிவரை போகும்படி குத்துங்கள். மைக்ரோவேவில் முழுசாக வைத்து 4 முதல் 5 நிமிடம் சுடுங்கள். 2 நிமிடம் ஆறவிட்டு, துணியால் பிடித்து வெட்டுங்கள். இந்த நேரத்தில் காய் வேகாது, தோல் மட்டும் இளகும்.

குத்தாமல் வைக்கவே கூடாது. உள்ளே சேரும் ஆவிக்கு வழி இல்லாமல் காய் வெடிக்கும். சில சமயம் மைக்ரோவேவைத் திறந்து கத்தி பட்ட பிறகு வெடிக்கும். அதுதான் இன்னும் ஆபத்து.

வெட்டும்போது முதலில் இரு முனைகளையும் சீவிவிட்டு, தட்டையான பக்கம் பலகையில் படும்படி நிறுத்துங்கள். அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. கத்தி சிக்கினால் ஆட்டி இழுக்காமல், காயோடு சேர்த்துத் தூக்கிப் பலகையில் மெல்லத் தட்டுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): நான்கு பேருக்கு எவ்வளவு பெரிய காய்? நல்லதை எப்படிப் பார்ப்பது?

பதில்: 1.8 முதல் 2 கிலோ எடையுள்ள காயில் தோல், விதை போக ஏறக்குறைய 5 கப் இழை கிடைக்கும். வாணலியில் வற்றவிட்டால் இன்னும் குறையும். சாஸ் கனமாக இருந்தால் நான்கு பேருக்குப் போதும். பசியோடு வரும் இளைஞர்கள் இருந்தால் ஒன்றேகால் கிலோவில் இரண்டாக வாங்குங்கள். ஒரே பெரிய காயைவிட இரண்டு நடுத்தரக் காய்கள் சீராக வேகும்.

நிறம் முழுக்க மஞ்சளாக இருக்கட்டும். பச்சைச் சாயலோ வெளிறிய தந்த நிறமோ இருந்தால் முற்றவில்லை என்று பொருள், இழை சரியாகப் பிரியாது. (ஆரஞ்சு நிறத் தோலுள்ள வகைகளும் உண்டு.) நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக் கூடாது. காம்பு உலர்ந்து, ஒட்டியே இருக்க வேண்டும். காம்பு உதிர்ந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். ஒரு பக்கம் வெளிறிய திட்டு இருந்தால் அது மண்ணில் படுத்திருந்த இடம், குறை இல்லை.

குளிர்சாதனப் பெட்டியில் முழுக்காயை வைக்காதீர்கள். 10 முதல் 15 டிகிரியில், உலர்ந்த இடத்தில், அடித்தளத்து அலமாரியில் வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று மாதம் தாங்கும். வெட்டியதை விதை நீக்கி, சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 3, 4 நாளில் சமைத்துவிடுங்கள்.

கேள்வி (மிசிசாகா): என் கணவருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறார். பாஸ்தாவை விட்டு இதற்கு மாறினால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை இதுவும் ஒரு விளம்பரம்தானா?

பதில்: மாவுச்சத்துக் கணக்கில் பயன் உண்டு, பெரிய அளவில் உண்டு. வெந்த ஸ்பகெட்டி ஸ்குவாஷ் ஒரு கப்பில் (155 கிராம்) சுமார் 42 கலோரி, 10 கிராம் மாவுச்சத்து. வெந்த வெள்ளைப் பாஸ்தா ஒரு கப்பில் (140 கிராம்) சுமார் 220 கலோரி, 43 கிராம் மாவுச்சத்து. நான்கில் ஒரு பங்குக்கும் கீழே.

இங்கேதான் கவனம் வேண்டும். பாஸ்தா சாப்பிடும் நாளுக்கான இன்சுலின் அளவையே போட்டுக்கொண்டு ஸ்குவாஷைச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். உடலில் இன்சுலின் சுரப்பைக் கூட்டும் சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். மாறும் முன் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

மற்றபடி விளம்பரம் சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. நார்ச்சத்து அதிகம் என்பார்கள். ஒரு கப்பில் 2 கிராம் சொச்சம்தான், வெள்ளைப் பாஸ்தாவிலும் ஏறக்குறைய அதே அளவு, முழுக்கோதுமைப் பாஸ்தாவில் அதைவிடக் கூடுதல். மஞ்சள் நிறத்தைப் பார்த்து வைட்டமின் ஏ நிறைய என்று நினைப்பதும் தவறு. அதற்குப் பட்டர்நட் ஸ்குவாஷோ பரங்கிக்காயோ வாங்க வேண்டும். புரதம் ஒரு கப்பில் ஒரு கிராம்தான், பாஸ்தாவில் 8 கிராம். ஸ்குவாஷும் தக்காளி சாஸும் மட்டும் சாப்பிட்டுப் படுத்தால் பத்து மணிக்குப் பசிக்கும், பிஸ்கட் டப்பா திறக்கும், கணக்கு பழையபடி ஆகும். ஆகவே புரதத்தை சாஸில் சேர்த்தாக வேண்டும். எப்படி என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

பாஸ்தாவையும் வில்லனாக்க வேண்டாம். கடிக்கும் பதத்தில் வெந்த பாஸ்தா, வெள்ளை ரொட்டியைவிட மெதுவாகத்தான் சர்க்கரையை ஏற்றும். நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் அளவில்தான். பாக்கெட்டில் ஒருவருக்கு 56 கிராம் உலர்ந்த பாஸ்தா என்று போட்டிருக்கும்; தட்டில் விழுவது அதைப்போல இரண்டு மடங்கு.

கேள்வி (சான் ஹோசே): நாங்கள் சைவம். முட்டையும் கிடையாது. வயிறு நிறையும்படி ஒரு சாஸ் சொல்லுங்கள்.

பதில்: மைசூர் பருப்பும் காளானும் சேர்ந்தது இதற்கு மிகப் பொருத்தம். நான்கு பேருக்கு:

மைசூர் பருப்பு (தோல் நீக்கி உடைத்தது) 150 கிராம், காளான் 250 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், துருவிய கேரட் 1, அரைத்த தக்காளி ஒரு பெரிய டின் (சுமார் 800 கிராம்), ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உலர்ந்த ஒரிகானோ 1 தேக்கரண்டி, மிளகாய்ச் செதில் அரைத் தேக்கரண்டி, தக்காளி பேஸ்ட் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பேசில் இலை ஒரு கைப்பிடி.

பருப்பைக் கழுவி, ஒன்றரைக் கப் தண்ணீரில் தனியாக 10 நிமிடம், முக்கால் பதம் வேகவையுங்கள். நேராகத் தக்காளியில் போட்டால் எவ்வளவு நேரமானாலும் நடுவில் கெட்டியாகவே இருக்கும். தக்காளியின் புளிப்பு பெக்டினை இறுக்கிப் பிடிப்பதுதான் காரணம். நாம் புளி ஊற்றுவதற்கு முன் பருப்பை வேகவைத்துக்கொள்வதும் இதனால்தான்.

காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் அகல வாணலியில் பெருந்தீயில் போடுங்கள். முதலில் நீர் விடும், பிறகு வற்றும், பிறகு ஓரம் சிவக்கும். ஏழெட்டு நிமிடம் ஆகும். பொறுமையாக இருங்கள், காளானின் நீர் சாஸில் போனால் முதல் கேள்விக்கே திரும்பிவிடுவோம். இப்போது எண்ணெய், வெங்காயம், கேரட் சேர்த்து 6 நிமிடம் வதக்கி, பூண்டும் மிளகாய்ச் செதிலும் போட்டு அரை நிமிடம். தக்காளி பேஸ்ட் சேர்த்து நிறம் கறுக்கும்வரை ஒரு நிமிடம் கிளறுங்கள். அரைத்த தக்காளி, ஒரிகானோ, உப்பு, பருப்பு எல்லாம் சேர்த்து மூடாமல் 20 முதல் 25 நிமிடம் சிறு தீயில் வற்றவிடுங்கள். அடிப்பிடிக்கும், அவ்வப்போது கிளறுங்கள். இறக்கும்போது பேசில்.

பருப்பிலிருந்து மட்டும் ஒருவருக்கு 9 கிராம் புரதம். ஒரு கப் பாஸ்தாவை விட்டதால் போனது அப்படியே திரும்ப வந்துவிடுகிறது.

மேலே சீஸ் தூவுவீர்களானால் ஒரு செய்தி. பார்மிஜானோ ரெஜானோ என்ற அசல் பார்மசான், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டை (பாலைத் திரியவைக்கும் பொருள்) வைத்துத்தான் தயாராகிறது. சைவம் பார்ப்பவர்கள், நுண்ணுயிர் ரெனெட்டால் ஆனது என்று உறையில் போட்டிருக்கும் சீஸைத் தேட வேண்டும்.

கேள்வி (லண்டன், ஒன்டாரியோ): அரைத்த கோழி இறைச்சி சேர்த்தால்?

பதில்: நன்றாக இருக்கும். நான்கு பேருக்கு 450 கிராம். கொழுப்புக் குறைந்த கோழியும் வான்கோழியும் வாணலியில் நிறைய நீர் விடும். மொத்தமாகக் கொட்டிக் கிளறினால் வெளுத்து வெந்துபோகும். வாணலியில் பரப்பி, 4 நிமிடம் தொடாமல் விட்டு, அடி சிவந்த பிறகு உடைத்துக் கிளறுங்கள். நீர் முழுக்க வற்றி, 74 டிகிரி செல்சியஸ் (165 ஃபாரன்ஹீட்) தொட்ட பின் தக்காளி சேர்க்கலாம்.

கேள்வி (டொராண்டோ): வேலை முடிந்து வந்தால் சாஸ் செய்ய நேரம் இல்லை. பாட்டில் சாஸ் தவறா?

பதில்: தவறில்லை, உறையைப் படித்து வாங்குங்கள். அரைக் கப் சாஸில் 400 முதல் 500 மில்லிகிராம் சோடியம் இருப்பது சாதாரணம். ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே வேளையில் ஒரு கப் ஊற்றிக்கொண்டால் பாதிக்கணக்கு முடிந்தது. சர்க்கரை சேர்த்தது வேண்டாம். ஸ்குவாஷே லேசான இனிப்பு, இரண்டும் சேர்ந்தால் திகட்டும். பாட்டிலைத் திறந்து அப்படியே ஊற்றாமல், வாணலியில் பத்து நிமிடம் வற்றவிடுங்கள். பாட்டில் சாஸ் பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தக்காளியின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பொட்டாசியம் ஸ்குவாஷைவிட சாஸிலிருந்துதான் அதிகம் சேரும்.

கேள்வி (பிராம்ப்டன்): பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது ஸ்பகெட்டி இல்லை" என்று தள்ளிவிட்டார்கள்.

பதில்: பிள்ளைகள் சொன்னது சரி. இது ஸ்பகெட்டி இல்லை, அந்தப் பெயரில் வரும் காய். ஏமாற்றிக் கொடுக்கப் பார்த்தால் அடுத்த முறை தட்டையே தொடமாட்டார்கள். பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்: நான்கு பேருக்கு 150 கிராம் பாஸ்தாவை வேகவைத்து, முதலில் சாஸில் புரட்டி, தட்டில் போடும்போது 2 கப் ஸ்குவாஷ் இழையைச் சேருங்கள். பாஸ்தாவின் மாவு சாஸைப் பிடித்துக்கொள்வதால் தண்ணீரும் அவ்வளவாகத் தெரியாது. பெரியவர்களுக்கும் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். வளரும் பிள்ளைகளுக்கு மாவுச்சத்தை முழுக்க நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி (சிகாகோ): ஓவன் போட்டால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. குக்கரில் முடியாதா?

பதில்: முடியும், கொஞ்சம் ஈரம் கூடும். மின் பிரஷர் குக்கரில் ஒரு கப் தண்ணீர், உள்ளே தாங்கி, அதன் மேல் இரண்டாக வெட்டிய காய். அதிக அழுத்தத்தில் 7 நிமிடம், முடிந்ததும் ஆவியை உடனே வெளியேற்றிவிடுங்கள். தானாக அடங்கட்டும் என்று விட்டால் அந்தப் பத்து நிமிடத்தில் கூழாகிவிடும். விசில் குக்கரில் பதம் பிடிப்பது கடினம். அதைவிட இட்லிப் பானை நல்லது: வளையங்களைத் தட்டில் அடுக்கி 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வைத்து, 15-இலேயே ஒருமுறை குத்திப் பாருங்கள். மைக்ரோவேவில் என்றால் பாதிக்காயைக் கண்ணாடிப் பாத்திரத்தில் குப்புற வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு 10 நிமிடம். வேகாவிட்டால் இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டுங்கள். எடுக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும், எட்ட நின்று திருப்புங்கள். இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் வாணலியில் வற்றவிடும் வேலை கட்டாயம்.

கேள்வி (டாலஸ்): தக்காளி சாஸ் சலித்துவிட்டது. நம் ஊர்த் தாளிப்பு இதற்கு ஒத்துவருமா?

பதில்: எங்கள் அபிப்பிராயத்தில் தக்காளி சாஸைவிட நன்றாகவே ஒத்துவரும். தாளிப்பில் நீர் இல்லை என்பதே காரணம். எலுமிச்சை சேவை செய்வதுபோலச் செய்யுங்கள். 4 கப் வற்றிய இழைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு 1 தேக்கரண்டி, உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் தலா 2 தேக்கரண்டி, வேர்க்கடலை கால் கப், பச்சை மிளகாய் 3, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. தாளித்து, இழையைச் சேர்த்து இரண்டே புரட்டு. அடுப்பை அணைத்த பிறகு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் உப்பும். காயின் இனிப்பை எலுமிச்சை சரிக்கட்டும். உப்பைக் கடைசியில் போடுவதன் காரணம் இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தேங்காய் சேவை முறையும் நன்று. புளிக்காய்ச்சல் வேண்டாம், அதன் கனத்துக்கு இந்த இழை தாங்காது.

கேள்வி (ஒட்டாவா): தோட்டத்தில் காய்த்தது ஒன்று கசக்கிறது. உப்பு, சர்க்கரை சேர்த்துச் சரிசெய்யலாமா?

பதில்: கூடாது. துப்பிவிட்டு, முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். கசப்பு என்றால் அதில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு கூடியிருக்கிறது என்று பொருள். வேகவைத்தாலும் போகாது. கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். 2015-இல் ஜெர்மனியில் கசந்த சுக்கினியை (வெள்ளரிக்காய் போல நீளமான ஸ்குவாஷ் வகை) சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். ஸ்பகெட்டி ஸ்குவாஷும் சுக்கினியும் குக்குர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம். அலங்காரத்துக்கு வைக்கும் குட்டிச் சுரைகள் பலவும் அதே இனம்தான். பக்கத்தில் வளர்ந்தால் மகரந்தம் கலக்கும். அதனால் இந்த ஆண்டுக் காயின் சுவை மாறாது, ஆனால் அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த ஆண்டு நட்டால் கசப்புக் காய் வரக்கூடும். ஆகவே வீட்டு விதையைச் சேமிக்காமல், ஆண்டுதோறும் விதை பாக்கெட் வாங்குங்கள். சமைக்கும் முன் பச்சையாக ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

பாகற்காய் சாப்பிட்டுப் பழகிய நாக்கு நமக்கு. கசப்பைப் பொருட்படுத்தாமல் விழுங்கிவிடுவோம். பாகற்காயின் கசப்பு அந்தக் காய்க்கு இயல்பு. ஸ்குவாஷில் கசப்பு இருக்கவே கூடாது.

கேள்வி (வினிபெக்): இது மரபணு மாற்றிய காயா?

பதில்: இல்லை. வட அமெரிக்காவில் 1930களிலிருந்தே விற்பனையில் உள்ள பழைய வகை. மரபணு மாற்றத்துக்கும் இந்த இழைக்கும் தொடர்பில்லை.

கேள்வி (சியாட்டில்): மீதியை உறையவைக்கலாமா? விதையை என்ன செய்வது?

பதில்: சாஸ் கலக்காத இழை குளிர்சாதனப் பெட்டியில் 3, 4 நாள் இருக்கும். உறையவைத்தால் கெடாது, ஆனால் உருகும்போது நீரெல்லாம் வெளியே வந்து தொய்ந்துவிடும். சல்லடையில் வைத்து உருக்கி வடித்து, சூப்பிலோ அடையிலோ போடுங்கள். மறுபடி பாஸ்தாவாக்கப் பார்க்காதீர்கள். விதையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் உப்பும் பிசிறி, 150 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வறுக்கலாம். ஈரமாக வைத்தால் மொறுமொறுப்பாகாது, சவ்வாக இழுக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர்): அமெரிக்காவில் மகள் வீட்டில் சாப்பிட்டேன். இங்கே கடைகளில் காணோம். பரங்கிக்காயில் செய்யலாமா?

பதில்: பரங்கிக்காய் வெந்தால் மசியும், இழையாகப் பிரியாது. பெரிய கடைகளில் கிடைக்கும் சுக்கினியை வாங்குங்கள். காய் சீவும் கருவியால் நீள நீளமாகச் சீவி, நடுவில் விதைப்பகுதி வந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தப் பகுதிதான் அதிகம் நீர் விடும். அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் பிசிறி, 15 நிமிடம் சல்லடையில் வைத்து, கையால் லேசாக அழுத்தி வடியுங்கள். நன்கு காய்ந்த வாணலியில் ஒன்று, ஒன்றரை நிமிடம் மட்டும் புரட்டுங்கள். அதை வேகவைக்கத் தேவையில்லை. சௌசௌவும் பயன்படும். தோல் சீவி, மெல்லிய நீளக் குச்சிகளாக நறுக்கி, நான்கைந்து நிமிடம் ஆவியில் வைத்தால் நறுக்கென்று இருக்கும். சுக்கினியைவிடக் கெட்டியான சதை, விலையும் குறைவு. சாஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், சுக்கினிக்கு உப்புப் பிசிறினால் சாஸில் பாதி உப்புப் போதும்.